புதுப்பிப்பு: இருங்காட்டுக்கோட்டைத் தடத்துக்கு ஆர்சி 390 டயர்

சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் என் கேடிஎம் ஆர்சி 390 பைக்கை ஓட்ட, ஸ்லிக் டயர் (வரிப்பள்ளம் இல்லாத, நன்கு சூடானால்தான் பிடிக்கும் பந்தய டயர்) வாங்குவதா, சாலைக்கும் பந்தயத் தடத்துக்கும் பொதுவான, மென்மையான ரப்பர் கலவையில் செய்த ரேடியல் டயர் போதுமா என்று இங்கே கேட்டிருந்தேன். யோசனை சொன்ன அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

டயரைச் சூடேற்றும் உறை இல்லாதவர் ஸ்லிக் பக்கமே போக வேண்டாம் என்ற யோசனைதான் பலித்தது. ரேடியலையே மாட்டினேன், முன்னால் 110/70-17, பின்னால் 150/60-17 அளவில். முதல் சுற்றை நிதானமாக ஓட்டினால் அடுத்த சுற்றிலேயே நல்ல பிடி வந்துவிடுகிறது.

எதிர்பாராதது காற்றழுத்தம். காலையில் முன்னே 30, பின்னே 28 பிஎஸ்ஐ வைத்து ஓட்டியபோது தேய்மானம் சீராக, உப்புத்தாள் போலச் சொரசொரப்பாக இருந்தது. மதியம் தார் கொதித்ததும் பின்டயரின் ஓரத்தில் ரப்பர் சுருள் சுருளாக உரியத் தொடங்கியது. வளைவிலிருந்து வெளியேறும்போது வண்டி வழுக்கியது. பிட்டுக்குள் (தடத்தோரம் வண்டியை நிறுத்திச் சரிபார்க்கும் இடம்) வந்த கையோடு அளந்தால், சூட்டில் ஏறி பின்டயர் அழுத்தம் 35-ஐத் தாண்டியிருந்தது! சூட்டோடு அளந்து குறைக்கும்படி ஒருவர் எழுதியிருந்தார். 32-க்கு இறக்கியதும் உரிவது நின்றது.

காற்றழுத்தம் அளக்கும் சொந்தக் கேஜ் இல்லாமல் தயவுசெய்து தடத்துக்குப் போகாதீர்கள். வண்டியை ஓட்டியே வீடு திரும்புபவர்கள், டயர் ஆறியதும் சாலைக்குரிய அளவுக்கு மறுபடி காற்று ஏற்றிக்கொள்ளுங்கள்.