வைக்கோல் காளானா, நச்சுக் காளானா?

கேள்வி: அடியில் பை போன்ற உறையுடன் முளைக்கும் காட்டுக் காளானை வைக்கோல் காளான் என்று நம்பிப் பறிக்கலாமா? வெள்ளிக் கரண்டி கறுத்தால்தான் நஞ்சு என்பது உண்மையா?

பதில் 1: கரண்டிச் சோதனையை நம்பாதீர்கள், உயிரைப் பறிக்கும் அமாடாக்சின் என்ற காளான் நஞ்சு வெள்ளியைக் கறுக்கச் செய்வதில்லை, கொதிக்க வைத்தாலும் அழிவதில்லை. அடியுறை இரண்டிலும் உண்டு என்பதால், விரிந்த குடையை வெட்டி, மடிப்புப் பக்கம் கீழிருக்குமாறு தாளில் சில மணி நேரம் கவிழ்த்து வைத்தால், வைக்கோல் காளானின் வித்துத்தூள் இளஞ்சிவப்பாகவும், அமனிட்டா ஃபல்லாய்டிஸ் என்ற கொடிய நச்சுக் காளானின் தூள் வெண்மையாகவும் படியும்.

பதில் 2: இளஞ்சிவப்புத் தூள் மட்டும் பாதுகாப்புக்குச் சான்றாகாது. முட்டை வடிவ மொட்டுகளில் இச்சோதனையே இயலாது என்பதால் அவற்றைப் பறிக்கவே வேண்டாம்.

கேட்டவர்: தவறி உண்டுவிட்டால்?

பதில் 1: வாந்தியும் வயிற்றுப்போக்கும் பெரும்பாலும் 6 முதல் 12 மணி நேரம் கழித்தே தொடங்கும், பிறகு தேறியதுபோல் தோன்றும் வேளையிலும் கல்லீரல் சிதைந்துகொண்டிருக்கும். அறிகுறிக்குக் காத்திராமல், மீந்த காளானுடன் மருத்துவமனைக்கு விரையுங்கள்.