மதியம் ஆனால் தராசு கணினி நின்றுவிடுகிறது, நைஸ் 19 போட்டும் பயனில்லை

தராசடி:
வணக்கம். சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைப் பழம் வாங்கும் இடத்தில் லோரித் தராசு பார்க்கிறேன். மதியம் 12 ஆனால் எடைச் சீட்டு புரோகிராம் அப்படியே நின்றுவிடுகிறது. மவுஸ் நகர்கிறது, ஆனால் சேமி பட்டனை அழுத்தினால் ஒன்றும் நடப்பதில்லை. லோரி வரிசை ரோடு வரை போய்விடுகிறது. அறுத்த பழம் 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போக வேண்டும், தாமதித்தால் எண்ணெயில் அமிலம் ஏறும். பேக்கப்பை நைஸ் 19-இல், அதாவது மிகக் குறைந்த முன்னுரிமையில்தான் விட்டிருக்கிறேன். அப்புறமும் ஏன்? அவசரம்.

கம்பார்_கடை:
என்ன கணினி, தம்பி? லினக்ஸ் என்று நாங்களே யூகிக்க வேண்டியிருக்கிறது. ரேம் எவ்வளவு? ஹார்ட் டிஸ்க்கா, எஸ்எஸ்டியா? பேக்கப் எதை எங்கே எடுக்கிறது?

பத்துகாஜா_வயர்மேன்:
தராசுக் கொட்டகை தகரக் கூரைதானே? மதிய வெயிலில் சிபியு சூடாகித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். காற்றாடியில் தூசி அடைத்திருக்கும், திறந்து பாருங்கள். தோட்டத்துப் பக்கம் நான் பார்த்த கணினிகளில் பாதிக்கு இதுதான் நோய்.

தராசடி:
லினக்ஸ் மிண்ட், 4 ஜிபி, ஹார்ட் டிஸ்க். மழை நாளிலும் நிற்கிறது அண்ணே.

தைப்பிங்_வேகம்:
சீட்டு புரோகிராமுக்கு ரியல்டைம் முன்னுரிமை கொடுத்துவிடுங்கள். வேறு எதுவும் அதன் முன்னால் நிற்க முடியாது.

கெர்னல்_ஐயா:
நைஸ் என்றால் என்னவென்று தெரியாமலே போடுகிறார்கள். அடிப்படையைப் படித்துவிட்டு வந்து கேட்டால் எங்கள் நேரமாவது மிஞ்சும். அளவு -20 முதல் 19 வரை. 0-க்குக் கெர்னல், அதாவது லினக்ஸின் மையப் பகுதி, கொடுக்கும் எடை 1024, 19-க்கு 15. ஒரே சிபியு கோரில் 0-இல் உள்ள சீட்டு புரோகிராமும் பேக்கப்பும் போட்டி போட்டால் பேக்கப்புக்குக் கிடைப்பது நூற்றில் ஒன்றரைப் பங்குகூட இல்லை. உங்கள் கெர்னல் பழையதாக இருக்கும். 6.6-க்கு மேல் போங்கள், சிபியு நேரத்தைப் பங்கிடும் புது ஷெட்யூலரான இஇவிடிஎஃப் எல்லாவற்றையும் சரிசெய்யும்.

ஈப்போ_இரவுப்பணி:
ஐயா, பேக்கப்புக்கு ஒன்றரைப் பங்குகூட இல்லை என்று நீங்களே கணக்குக் காட்டுகிறீர்கள். அப்படியானால் சிபியு தகராறே இல்லை. பிறகு ஷெட்யூலரை மாற்றி என்ன கிடைக்கும்?

கெர்னல்_ஐயா:
பழைய ஷெட்யூலரான சிஎஃப்எஸ் 2007-இல் வந்தது. எல்லோருக்கும் நியாயமாகப் பங்கிடும், ஆனால் யாருக்கு அவசரம் என்று அதற்குத் தெரியாது. இஇவிடிஎஃப் ஒவ்வொரு வேலைக்கும் கெடு வைத்து, எது முதலில் முடிய வேண்டுமோ அதை எடுக்கும். 1995-இலேயே கட்டுரையாக வந்த யோசனை இது. கெர்னலுக்குள் 2023-இல்தான் வந்தது. இதெல்லாம் தெரிந்தவர்களோடுதான் பேச முடியும்.

ஈப்போ_இரவுப்பணி:
தெரிந்துதான் கேட்கிறேன். சிஎஃப்எஸ்ஸிலும் தூங்கி எழுந்த வேலைக்கு முன்னிடம் உண்டு. விசைப்பலகைக்குக் காத்திருக்கும் புரோகிராம் அதில் ஒன்றும் பட்டினி கிடக்கவில்லை. இங்கோ மோல்நார் அதை எழுதியபோது, போட்டி ஷெட்யூலர் எழுதிய கான் கொலிவாஸ் பக்கம் நின்று சண்டை போட்டவர்கள்கூட மேசைக் கணினி நிமிடக்கணக்கில் நிற்கிறது என்று சொன்னதில்லை.

கெர்னல்_ஐயா:
கொலிவாஸின் ஷெட்யூலரை ஓட்டிப் பார்த்திருக்கிறீர்களா? நான் ஓட்டியிருக்கிறேன்.

கம்பார்_கடை:
அந்தச் சண்டைக்குத் தனி இழை போடுங்கள். இங்கே லோரி நிற்கிறது. தராசடி தம்பி, நிற்கும் நேரத்தில் டாப் கட்டளை போட்டு மூன்றாவது வரியைப் பாருங்கள். அதில் டபிள்யூஏ, அதாவது டிஸ்க்குக்காகச் சிபியு சும்மா காத்திருக்கும் விழுக்காடு எவ்வளவு? முதல் வரியில் லோட், அதாவது சராசரியாக எத்தனை வேலை வரிசையில் நிற்கிறது?

தராசடி:
டபிள்யூஏ 80-க்கு மேல். லோட் 9. சிபியு வேலை செய்யும் அளவைக் காட்டும் யுஎஸ், எஸ்ஒய் இரண்டும் சின்ன எண். சீட்டு புரோகிராம் பக்கத்தில் டி என்று காட்டுகிறது. பேக்கப் என்பது ஒவ்வொரு லோரிக்கும் கேமரா எடுக்கும் படம், சீட்டு எல்லாவற்றையும் யுஎஸ்பி டிஸ்க்குக்கு நகல் எடுப்பது. குறித்த நேரத்தில் தானே ஓட்டும் க்ரானில் 12 மணிக்கு வைத்திருக்கிறேன்.

கம்பார்_கடை:
இதைத்தான் முதல் பதிவில் எழுதியிருக்க வேண்டும். விஷயம் இதுதான்.

நைஸ் என்பது சிபியு நேரத்துக்கு மட்டும். ஷெட்யூலர், ஓடத் தயாராக நிற்கும் வேலைகளில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கும். உங்கள் சீட்டு புரோகிராம் அந்த வரிசையிலேயே இல்லை. டி என்றால் டிஸ்க்கின் பதிலுக்குக் காத்து உறங்குகிறது என்று பொருள். சேமிக்கும்போது, டிஸ்க்கில் எழுதியாகிவிட்டது என்ற உறுதி வரும்வரை அது நகராது. அதே டிஸ்க்கில் பேக்கப் ஆயிரக்கணக்கான சின்னப் படங்களைப் படித்துக்கொண்டிருக்கிறது. ஹார்ட் டிஸ்க்கின் முனை ஒவ்வொரு படத்துக்கும் இடம் மாற வேண்டும். அப்படி வினாடிக்குச் சுமார் நூறு முறைதான் முடியும். கிளினிக்கில் முன்னுரிமைச் சீட்டு வைத்திருந்தும் மருந்து கொடுக்கும் ஜன்னல் ஒன்றே ஒன்றாக இருப்பது போலத்தான்.

லோட் 9 என்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். லினக்ஸ் 1993 முதல் டிஸ்க்குக்குக் காத்திருப்பவர்களையும் லோடில் சேர்த்து எண்ணுகிறது. ரியல்டைம் போடாதீர்கள். உறங்குகிறவனுக்கு முன்னுரிமை கொடுத்துப் பலன் இல்லை. சிக்கிச் சுழலும் புரோகிராமுக்கு அதைக் கொடுத்தால் கெர்னல் வழக்கமாக ஒவ்வொரு வினாடியிலும் 0.95 வினாடி வரை அதற்கே விட்டுவிடும்.

செய்ய வேண்டியது: சிஸ் அடைவில் பிளாக், எஸ்டிஏ, க்யூ என்று உள்ளே போனால் ஷெட்யூலர் என்ற கோப்பு இருக்கும். இது சிபியுவுக்கு இல்லை, டிஸ்க் கோரிக்கைகளை வரிசைப்படுத்தும் ஷெட்யூலர். சதுர அடைப்புக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லுங்கள்.

தராசடி:
எம்க்யூ-டெட்லைன்.

கம்பார்_கடை:
அதை பிஎஃப்க்யூ ஆக்குங்கள். அப்புறம் பேக்கப்பை, டிஸ்க் முன்னுரிமையை மாற்றும் ஐயோநைஸ் கட்டளையால் மூன்றாம் வகுப்பில், அதாவது ஐடிலில் போடுங்கள். டிஸ்க்கை வேறு யாரும் கேட்காதபோதுதான் அதற்கு இடம் கிடைக்கும். பேக்கப்பை ஏன் இரவுக்கு மாற்றக்கூடாது?

பத்துகாஜா_வயர்மேன்:
ராத்திரி கணினியை அணைத்துவிடுவார்கள். மின்னல் பயம். அணைத்துக் கிடந்தால் க்ரான் அந்த நேரத்தை விட்டுவிடும்லா.

கம்பார்_கடை:
அதற்கு அனாக்ரான் இருக்கிறது, தவறிய வேலையை மறுநாள் திறந்ததும் ஓட்டும். ஆனால் காலையில் முதல் லோரி வரும் நேரமும் அதுதான், ஒத்துவராது. கடைசி லோரி போனபிறகு பேக்கப் எடுத்துவிட்டு அணைப்பது நல்லது. கையில் காசு இருந்தால் எஸ்எஸ்டி போடுங்கள், முனை நகரும் பிரச்சினையே போய்விடும்.

கெர்னல்_ஐயா:
கெர்னலையும் புதுப்பிக்கச் சொல்லுங்கள்.

தராசடி:
பிஎஃப்க்யூ, ஐடில் இரண்டும் போட்டேன். இன்று 12-க்குச் சீட்டு நிற்காமல் வந்தது. நன்றி அண்ணே. லோரி வந்துவிட்டது.

கம்பார்_கடை:
நல்லது தம்பி. பேக்கப் எத்தனை மணிக்கு முடிகிறது என்று பாருங்கள். லோரி தொடர்ந்து வரும் நாளில் ஐடில் வகுப்புக்கு இடமே கிடைக்காமல், அணைக்கும் நேரம் வரை முடியாமல் நிற்கக்கூடும். யுஎஸ்பி டிஸ்க்கில் கடைசியாக வந்திருப்பது எந்தத் தேதிப் படம்?