சுரைக்கொடியில் பெண் பூ வருகிறது, பிஞ்சு நிற்கவில்லை. வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. பாலக்கோடு பக்கம் எங்கள் வீட்டுத் தோட்டத்தில் ஆடிப்பட்டத்தில் விதை ஊன்றிய சுரை இப்போது பந்தல் முழுக்கப் படர்ந்து கிடக்கிறது. முதலில் வந்ததெல்லாம் ஆண் பூ, அது வழக்கம்தான், சரி என்று விட்டுவிட்டேன். இப்போது அடியில் குட்டிக் காயோடு பெண் பூக்களும் வருகின்றன, ஆனால் பிஞ்சு கட்டைவிரல் அளவு வந்ததும் மஞ்சளாகிச் சுருங்கி விழுந்துவிடுகிறது. வெட்டிப் பார்த்தேன், உள்ளே புழு இல்லை, தோலில் துளையோ பிசினோ இல்லை, அதனால் பழ ஈ என்று தோன்றவில்லை. மகரந்தம் சேராததுதான் காரணமாக இருக்கும், சுரைப் பூ விரிவதே சாயங்காலம், அந்த நேரத்தில் தேனீ எங்கே வருகிறது?

ஆண் பூவைப் பறித்து இதழை நீக்கிவிட்டு பெண் பூவில் தடவுபவர்கள் எத்தனை மணிக்குச் செய்கிறீர்கள்? விடியற்காலையில் தொட்டாலும் பிடிக்குமா?

பக்கத்து வீட்டு அக்கா, நுனியைக் கிள்ளிவிடு, பக்கக் கிளையில்தான் பெண் பூ அதிகம் வரும் என்கிறார். கொடி இவ்வளவு ஓடிய பிறகு கிள்ளலாமா? பெண் பூ அதிகம் வர எத்ரல் என்ற பயிர் வளர்ச்சி மருந்தைத் தெளிக்கச் சொல்பவர்களும் உண்டு, அது இளஞ்செடியில் செய்கிற வேலை, வீட்டுச் சமையலுக்கு நாலு காய்க்கு மருந்தெல்லாம் எதற்கு?

அப்புறம், காரிமங்கலம், காவேரிப்பட்டணம் பக்கம் யாரிடமாவது நாட்டுக் குண்டுச் சுரை விதை இருந்தால் சொல்லுங்கள், நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன், பதிலுக்கு என்னிடம் பீர்க்கன் விதை இருக்கிறது.