சீசன் கூட்டத்துக்கும் தீபாவளி விற்பனைக்கும் என்ன தொடர்பு? சரக்கு எப்போது எடுப்பது?

கோத்தகிரிக் கடைக்காரர் கேட்டது:

கோத்தகிரியில் கைப்பேசி, தொலைக்காட்சி, கீசர் விற்கும் சிறிய கடை ஒன்றை நடத்தி வருகிறேன். கோடை சீசனில் மலர்க் கண்காட்சி பார்க்க உதகைக்கு வருபவர்களில் ஒரு பகுதியினர் இங்கும் வருகிறார்கள், விடுதிகள் நிரம்பிவிடுகின்றன. ஆனால் அந்த நாட்களில் என் கல்லாவில் விழுவதெல்லாம் சார்ஜர், பவர் பேங்க், இயர்போன் விற்ற காசுதான். சென்ற சீசனை நம்பி எடுத்த எட்டுத் தொலைக்காட்சிப் பெட்டிகளில் ஐந்து, ஆடி முடியும் வரை அட்டைப்பெட்டிக்குள்ளேயே கிடந்தன. மக்கள் பயணத்துக்குச் செலவழித்துவிடுவதால் பொருள் வாங்குவதைக் குறைத்துக்கொள்கிறார்களா, அல்லது இவ்விரண்டு செலவுகளின் காலமே வேறா? 2026 தீபாவளி நவம்பர் 8-இல் வருகிறது. அதற்கு எவ்வளவு சரக்கு எடுப்பது என்று முடிவு செய்வதற்காகவே கேட்கிறேன்.

குன்னூர் விடுதிக்காரர்:

ஐயா, காலம்தான் வேறு என்பது என் கருத்து. பள்ளி விடுமுறை இருக்கும் நாட்களில்தான் குடும்பத்தோடு மலையேற முடியும். அந்த நாட்களைத் தள்ளிப்போட முடியாது, தாமதித்தால் அறை வாடகையும் ஏறிவிடும். தொலைக்காட்சி அப்படியன்று, நான்கு மாதம் காத்திருந்தால் தள்ளுபடியில் கிடைக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். 2024 மே 7 முதல், மலைக்கு வரும் வெளியூர் வாகனங்கள் இணையத்தில் முன்பதிவு செய்து பெறும் அனுமதிச் சீட்டான இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்குள் நாளொன்றுக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 சுற்றுலா வாகனங்கள் என உச்சவரம்பும் வைத்தார்கள். எங்கள் விடுதிக்கு முன்கூட்டியே திட்டமிட்டு வருபவர்கள் அதன்பின் அதிகமாகிவிட்டார்கள்.

இன்னொன்று சொல்ல வேண்டும். சுற்றுலாப் பயணி உங்கள் கடைக்கு நேராக வருவதில்லை; அவருடைய பணம் எங்கள் கை வழியாக வருகிறது. சீசனுக்கு முன், பிப்ரவரி, மார்ச்சில்தான் நாங்கள் பழுதான கீசர்களை மாற்றுகிறோம், அறைகளுக்குப் புதிய தொலைக்காட்சி வாங்குகிறோம். நீங்கள் மே மாதத்துக்குச் சரக்கு எடுத்தது எங்களைப் பொறுத்தவரை இரண்டு மாதம் தாமதம்.

உதகை கணக்காளர்:

விடுதிக்காரர் சொன்னதோடு வரிக் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது; ஆனால் உள்ளீட்டு வரி வரவு இல்லை. அதாவது, முன்பு அறைக்கு வாங்கிய தொலைக்காட்சியின் வரியைக் கழித்துக்கொண்ட விடுதி இப்போது அதைத் தானே சுமக்கிறது. எனவே விலை விஷயத்தில் உங்களிடம் கறாராகப் பேசுவார்கள். அதே நாளில் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட தொலைக்காட்சிக்கு வரி 28-லிருந்து 18 ஆனது. ஏசிக்கும் அப்படித்தான், நம் மலையில் அதை யார் கேட்கப் போகிறார்கள்! கைப்பேசிக்கு முன்பும் 18, இப்போதும் 18.

ஊர்க்காரர்கள் பெரிய பொருள் வாங்குவது போனஸ் கைக்கு வந்த பிறகுதான். சட்டப்படி அது ஆண்டுச் சம்பளத்தில் குறைந்தது 8.33 சதவீதம், அதிகபட்சம் 20 சதவீதம். பெரும்பாலும் தீபாவளிக்கு முன் கொடுத்துவிடுகிறார்கள். ஆனால் இணைய விற்பனைத் தளங்களின் பெருந்தள்ளுபடி, அநேகமாகப் போனஸுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. அங்கே ‘வட்டியில்லாத் தவணை’ என்று விளம்பரம் செய்தாலும், வங்கி வட்டி போடத்தான் செய்கிறது. விற்பவர் அந்த அளவுக்கு விலையைக் குறைக்கிறார், அவ்வளவே. அந்த வட்டியின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும், பல வேளைகளில் செயலாக்கக் கட்டணமும் வாங்குபவர் தலையில்தான் விழுகின்றன. வாடிக்கையாளரிடம் இதைக் காகிதத்தில் கூட்டிக் காட்டுங்கள்.

கட்டபெட்டு தேயிலை விவசாயி:

போனஸ் கணக்கு எஸ்டேட்டுக்கும் அலுவலகத்துக்கும் சரி; சிறு விவசாயிக்குப் போனஸ் கிடையாது, பச்சைத் தேயிலை விலைதான் எல்லாம். விலை இறங்கிய மாதத்தில் எந்தத் தள்ளுபடியும் எங்களைக் கடைக்கு இழுக்காது. தவிர, எங்கள் ஹட்டிகளில், அதாவது படுகர் ஊர்களில், டிசம்பர், ஜனவரியில் வரும் ஹெத்தை அம்மன் திருவிழாவுக்குத்தான் வெளியூர்ப் பிள்ளைகள் வீடு திரும்புகிறார்கள். தாய் தகப்பனுக்கு ஒரு தொலைக்காட்சிப் பெட்டி வாங்கி வைத்துவிட்டுப் போவதும் அப்போதுதான். ஆகவே தீபாவளி முடிந்ததும் கடையைக் காலி செய்துவிடாதீர்கள். வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்தால் மேட்டுப்பாளையத்திலிருந்து வண்டி ஏறாது. சரக்கை அக்டோபர் தொடக்கத்திலேயே மேலே கொண்டுவந்துவிடுவது நல்லது.

கோத்தகிரிக் கடைக்காரர்:

மூவருக்கும் நன்றி. 43 அங்குலப் பெட்டிகள் ஆறு மட்டும் இப்போது எடுக்கிறேன். அவற்றில் இரண்டைத் திருவிழாவுக்கென்று ஒதுக்கிவைப்பேன். கீசரைப் பிப்ரவரிக்குத் தள்ளிவிட்டேன். குன்னூர் ஐயாவிடம் ஒரு சந்தேகம்: விடுதிகள் கேட்பது 15 லிட்டரா, 25 லிட்டரா?

குன்னூர் விடுதிக்காரர்:

25 தான் ஐயா. ஓர் அறையில் நான்கு பேர் அடுத்தடுத்துக் குளித்தால் 15 லிட்டர் இந்தக் குளிருக்குப் போதாது. வந்ததும் தெரிவியுங்கள், எனக்கே மூன்று வேண்டும்.