புதுப்பிப்பு: கறுப்பு வெள்ளைக்கு டார்க்டேபிளைத் தேர்ந்தெடுத்துவிட்டேன்

டிஜிட்டல் படங்களைக் கறுப்பு வெள்ளையாக்க எந்த மென்பொருள் நல்லது என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். லைட்ரூம், சில்வர் எஃபெக்ஸ், கிம்ப், டார்க்டேபிள் என்று சொன்னீர்கள். நான்கிலும் ஒரே படத்தைச் சோதித்தேன்: அரக்குச் சேலை, பச்சைக் கரை, பாட்டியின் சிரிப்பு.

வண்ணச்செறிவை வெறுமனே பூஜ்யமாக்கினால் அரக்கும் பச்சையும் ஒரே சாம்பலாகிக் கரையே மறைந்துவிடுகிறது. எனக்கு அது பொறுக்கவில்லை. டார்க்டேபிளில், வண்ணங்களைச் சாம்பலாக மாற்றும்போது சிவப்பின் பங்கைக் கூட்டியதும் சேலை வெளுத்துக் கரை துலங்கியது, முகமும் மென்மையானது. நீலத்தைக் கூட்டினால் ஒவ்வொரு சுருக்கமும் ஆழமாகத் தெரிகிறது. பாட்டிக்கு அதுதான் பிடித்தது!

லைட்ரூமின் 8 வண்ண நகர்த்திகள் (ஒவ்வொரு வண்ணத்தின் வெளிச்சத்தையும் தனித்தனியே கூட்டிக் குறைப்பவை) இன்னும் எளிது, ஆனால் மாதச் சந்தா. பழைய ஃபிலிமின் துகள்தன்மை (படத்தில் தெரியும் நுண்ணிய புள்ளிகள்) வேண்டுமென்றால் சில்வர் எஃபெக்ஸ்தான். எனக்கு இலவசமான டார்க்டேபிளே போதும். படத்தை நாளை அச்சுக்குக் கொடுக்கிறேன்.