ராஞ்சோ நிலத்தைக் கூறுபோட்டு விற்றது எப்படி?

தேவிபட்டினம் வாசகர்:
கலிபோர்னியாவுக்கு ரயில் வந்த காலத்தில், ராஞ்சோ என்ற பெரிய மேய்ச்சல் நிலங்களை நிலக் கம்பெனிகள் வாங்கிச் சிறு துண்டுகளாகக் குடியேறிகளுக்கு விற்றன. நிலம் அவர்கள் கைக்கு எப்படி வந்தது? எந்தக் கணக்கில் பிரித்தார்கள்? மண்டபம் பக்கம் ரயிலடியைக் காட்டி மனை விற்கிறார்கள், அதனால்தான் கேட்கிறேன்.

பரமக்குடி சர்வே:
பத்திரத்திலிருந்தே ஆரம்பிக்க வேண்டும். மெக்சிகோ ஆட்சி தந்த ராஞ்சோவுக்கு வரைபடம் என்றால் கையால் போட்ட படம்தான்: ஓர் ஓடை, ஒரு குன்று, ஒரு மரம், அவ்வளவுதான் எல்லை. சுமார் 137 அடிக் கயிற்றைக் குதிரை மேலிருந்தபடி இழுத்து அளந்தார்கள். ஒரு சதுர லீக் என்பது சுமார் 4,430 ஏக்கர். அமெரிக்கா எடுத்துக்கொண்ட பிறகு, நிலம் தன்னுடையதென்று நிரூபிக்கும் சுமையை 1851 சட்டம் உடையவர் தலையில் வைத்தது. வந்த மனுக்கள் 813. பட்டா கிடைக்கச் சராசரியாக 17 வருடம். வக்கீல் செலவுக்கு அடமானம், அதன்மேல் 1862–64 வறட்சியில் மாடுகள் மடிந்தன. கடனில் மூழ்கிய நிலத்தைக் கம்பெனிகள் மொத்தமாக வாங்கின.

நம் ஜமீனோடு அப்படியே ஒப்பிடாதீர்கள். இங்கே 1948 சட்டப்படி அரசே எடுத்து, உழுபவர் நேரே அரசுக்கு வரி கட்டும் ரயத்துவாரி ஆக்கியது.

கீழக்கரை ஊற்று:
காக்கா (அண்ணே), பத்திரம் சரிதான். ஆனா நிலத்துக்கு விலை கொடுத்தது தண்ணி. ரயிலுக்கு முன்னாடியே, 1857-ல, தெற்குக் கலிபோர்னியாவுல இருக்கிற அனஹைம்ல 1,165 ஏக்கரை ஏக்கர் 2 டாலருக்கு வாங்கி 50 திராட்சைத் தோட்டமா, ஒவ்வொண்ணும் 20 ஏக்கரா பிரிச்சாங்க. சாண்டா ஆனா ஆத்துத் தண்ணி உரிமையும் வாய்க்காலுக்கு வழியும் சேர்த்தே வாங்கினாங்க. 1882-ல கலிபோர்னியாவுலயே இருக்கிற ஒன்டாரியோல சாஃபி சகோதரர்கள் இன்னும் கெட்டியா செஞ்சாங்க: 10 ஏக்கர் துண்டு, ஏக்கருக்கு ஒரு பங்கு தண்ணிக் கம்பெனியில. நிலம் வாங்கினவங்களே அந்தக் கம்பெனிக்குச் சொந்தக்காரங்க. நம்ம கண்மாய் ஆயக்கட்டுப் பாத்தியதையைப் பங்குச் சீட்டா எழுதின மாதிரி. ரொம்ப நல்ல ஏற்பாடு.

தேவிபட்டினம் வாசகர்:
அப்படியானால் பல ஊர்கள் ஏன் தேறவில்லை?

பரமக்குடி சர்வே:
சாண்டா ஃபே ரயிலும் சதர்ன் பசிபிக்கும் போட்டி போட்டன. 1887 மார்ச்சில் கான்சாஸ் சிட்டியிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் வரக் கட்டணம் கொஞ்ச நேரம் ஒரே டாலருக்கு இறங்கியது. கூட்டம் குவிந்தது. பேண்டு வாத்தியம், இலவசச் சாப்பாடு, சுற்றுலா ரயில், வெள்ளை முளைக்கல், மூன்றில் ஒரு பங்கோ நான்கில் ஒரு பங்கோ முன்பணம். வாங்கியவர் பாக்கித் தவணை வருமுன் அடுத்தவருக்குத் தள்ளிவிடப் பார்த்தார். தண்ணீரும் வேலையும் இல்லாத இடத்திலும் தெரு கிழித்தார்கள். 1888-ல் வங்கிகள் கடனை இறுக்கியதும் வாங்க ஆளில்லை. அந்த ஓட்டத்தில் லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டியில் போட்ட நூற்றுக்கு மேற்பட்ட ஊர்களில் பாதிக்கு மேல் மறைந்தன.

கீழக்கரை ஊற்று:
மண்டபம் மனைக்கு வருவோம். டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதி எண், ரேரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண் இரண்டும் கேளுங்க. தாய்ப்பத்திரம், 30 வருஷ வில்லங்கம், அ-பதிவேடு (கிராம நிலப் பதிவேடு), புல வரைபடம் (சர்வே எண்ணோட அளவுப் படம்) நாலையும் வச்சு சர்வே எண்ணை ஒப்பிடுங்க. வரத்துக்கால், ஊருணி, கண்மாய்ப் புறம்போக்கு உள்ளே வருதான்னு புல வரைபடத்துலதான் தெரியும். உயர் ஓதக் கோட்டிலிருந்து (கடல் ஏறி வர்ற எல்லை) 500 மீட்டருக்குள்ள இருந்தா கடலோர ஒழுங்காற்று விதி வரும், வரைபடத்துல மண்டலம் பாத்துட்டுத்தான் அட்வான்ஸ் குடுக்கணும்.

கடைசியா தண்ணி. மணல் மேட்டுல நல்ல தண்ணி உப்புத் தண்ணி மேல மிதக்குது. கடல் மட்டத்துக்கு மேல ஒரு அடி நல்ல தண்ணி நின்னா, கீழே சுமார் 40 அடி வரைக்கும் இருக்கும். மோட்டார் போட்டு அந்த மட்டத்தை ஒரு அடி இறக்கினா, உப்பு 40 அடி மேலேறும். அதனால ஆழ போர் வேண்டாம், ஆழமில்லாத அகலக் கிணறு, சின்ன மோட்டார், இடைவெளி விட்டு இறைக்கணும். மனை பாக்கப் போறப்ப ஒரு பாட்டில் கொண்டுபோய், பக்கத்துக் கிணத்துத் தண்ணியை பங்குனி, சித்திரையில எடுத்து டிடிஎஸ் (தண்ணியில கரைஞ்ச உப்பு அளவு) பாருங்க. ஐப்பசி மழைக்குப் பிறகு எடுத்தா எல்லாக் கிணறும் இனிக்கும்.