கேட் (CAT) தேர்வு: கணக்கு வருகிறது, ஆங்கிலப் பத்திதான் முடிவதில்லை

தக்கலைக்காரி:
எல்லாருக்கும் வணக்கம். பி.காம் முடித்து மூன்று வருடம் ஆகிறது, மார்த்தாண்டத்தில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை. பத்தாம் வகுப்பு வரை தமிழ் மீடியம். வருகிற நவம்பரில் கேட் எழுதப் போகிறேன், ஐ.ஐ.எம்.களில் எம்.பி.ஏ. சேர்வதற்கான நுழைவுத் தேர்வு. கணக்குக்குப் பயமில்லை, சதவீதம், வட்டி, விகிதம் எல்லாம் தினமும் கையில் புழங்குவதுதான். ஆங்கிலப் பகுதியில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். 40 நிமிடத்தில் 24 கேள்வி, நான்கு நீளமான பத்திகள், இரண்டை முடிப்பதற்குள் நேரம் போய்விடுகிறது, மூன்றாவதைச் சும்மா கண்ணை ஓட்டிவிட்டு எதையாவது குறித்து வைக்கிறேன். போன மாதிரித் தேர்வில் 14 போட்டதில் 6தான் சரி. ஒரு பயிற்சி மையத்தில் பணம் கட்டிச் சேர்ந்தேன், இரண்டு மாதமாக இலக்கண விதியும் சொல் பட்டியல் மனப்பாடமும்தான் நடக்கிறது. வேலையை விட்டுவிட்டு முழுநேரமாகப் படிக்கலாமா? அப்பா ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர், மழை பிடித்தால் அவருக்கு வேலை இல்லை, அதனால் விடவும் மனசு வரவில்லை. எழுதினவர்கள் சொல்லுங்கள்.

வடசேரி அண்ணன்:
தங்கச்சி, வேலையை விடாதே. முதலில் உன் மதிப்பெண்ணையே பார். சரியான விடைக்கு 3, தப்புக்கு 1 கழியும். அந்தப் பதினாலும் விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள் என்று வைத்துக்கொண்டால் 18இல் 8 போய் மிஞ்சுவது 10. அவசரமாகக் குறித்தது ஐந்து என்று வைத்து, அவற்றை விட்டிருந்தால், அந்த ஐந்தும் தப்பாகவே இருந்திருக்கும் பட்சத்தில், 15 வந்திருக்கும். மூன்று பத்தியை நிதானமாகப் படித்தாலே போதும், நான்காவதைத் தொடாமல் விடுவதில் தப்பே இல்லை. ஆனால் வாக்கியங்களை வரிசைப்படுத்தி எண்ணாகத் தட்டச் சொல்லும் கேள்விக்கு மைனஸ் கிடையாது, அதை மட்டும் ஒருநாளும் வெறுமையாக விடாதே.

அப்புறம் வாசிப்பு. நானும் தமிழ் மீடியம்தான், எனக்குக் கைகொடுத்தது இதுதான்: தினமும் ஓர் ஆங்கிலக் கட்டுரை, தத்துவம், வரலாறு, உயிரியல் என்று நமக்குச் சம்பந்தமே இல்லாத விஷயமாகப் பார்த்து எடுத்துப் படித்து, போனை மூடி வைத்துவிட்டு, எழுதினவர் எதை ஒத்துக்கொள்கிறார், எதை மறுக்கிறார் என்று தமிழில் இரண்டு வரி எனக்கு நானே சொல்லிப் பார்ப்பேன். சொல்ல வரவில்லை என்றால் கண்தான் ஓடியிருக்கிறது, படிக்கவில்லை. தக்கலையிலிருந்து மார்த்தாண்டம் போகிற பஸ் நேரம் ஒரு கட்டுரைக்குத் தாராளம். முதல் மூன்று வாரம் கஷ்டமாகத்தான் இருக்கும், விட்டுவிடாதே.

கொல்லங்கோடு:
அண்ணன் சொன்னது சரி, ஆனால் சொல் பட்டியலை அடியோடு தள்ள வேண்டாம் என்பேன், படிக்கிற கட்டுரையில் தட்டுப்படுகிற சொல்லை மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டால் அது நிற்கும். நான் திருவனந்தபுரத்தில் எழுதினேன். அங்கே என்னைக் கவிழ்த்தது ஆங்கிலம் இல்லை, நடுவில் வருகிற தரவு, தர்க்கப் பகுதி. ஒரே தகவலை வைத்து நாலைந்து கேள்வி வருவதைத்தான் செட் என்பார்கள், முதல் செட்டிலேயே 18 நிமிடம் உட்கார்ந்துவிட்டேன், 40 நிமிடம் ஆனதும் திரை தானாக அடுத்த பகுதிக்குப் போய்விட்டது, திரும்பி வர வழியில்லை. முதல் ஐந்து நிமிடம் எல்லா செட்டையும் படித்துப் பார்த்து, எது முடியும் என்று தேர்ந்துகொண்டு தொடங்கு. இன்னொன்று, அங்கே கீபோர்டு வேலை செய்யாது, திரையில் இருக்கும் கால்குலேட்டரையும் எண்களையும் மவுஸால்தான் அழுத்த வேண்டும். அதிகாரப்பூர்வ இணையதளத்தில் இலவச மாதிரித் தேர்வு விடுவார்கள், போனில் இல்லாமல் கம்ப்யூட்டரில் போட்டுப் பழகு.

நீ ஓ.பி.சி. (இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பு) என்றால் நம் ஊர் சாதிச் சான்றிதழ் மட்டும் போதாது, அந்த வகுப்பில் வசதியான பிரிவில் வராதவர் என்று காட்டும், மத்திய அரசுக்கான ‘நான்-கிரீமி லேயர்’ சான்றிதழ் தனியாக வேண்டும். இ-சேவையில் இப்போதே போட்டு வை, தாலுகா அலுவலகத்தில் நாள் இழுக்கும்.

தக்கலைக்காரி:
ரொம்ப நன்றி அண்ணா, நன்றி கொல்லங்கோடு. இன்று பஸ்ஸில் பவளப் பாறைகளைப் பற்றி ஒரு கட்டுரை படித்தேன், தமிழில் சொல்லிப் பார்த்தபோது பாதிதான் வந்தது, மறுபடி படித்த பிறகு வந்தது. வேலையை விடவில்லை. சான்றிதழுக்கு என்னென்ன பேப்பர் கொண்டுபோக வேண்டும் என்று மட்டும் சொல்கிறீர்களா? சனிக்கிழமை அரை நாள் லீவு கேட்டிருக்கிறேன்.

கொல்லங்கோடு:
ஆதார், ரேஷன் கார்டு, உன் சாதிச் சான்றிதழ், அப்பாவின் வருமானச் சான்றிதழ், ஒரு போட்டோ. எல்லாவற்றிலும் அப்பா பெயரின் எழுத்து ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு போ, என்னுடையது அதனால்தான் ஒருமுறை திரும்பி வந்தது.